வாசலில் ஒரு கறிவேப்பிலைச் செடி

"கறிவேப்பிலை மாதிரி தூக்கி எறிந்துவிட்டார்கள்" என்று பெரியவர்கள் மனம் நொந்து சொல்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். வேலை முடியும்வரை ஒருவரைப் பயன்படுத்திக்கொண்டு, முடிந்ததும் அவரை ஒதுக்கிவிடுவதைக் குறிக்கும் பேச்சு அது. சாம்பாருக்கும் ரசத்துக்கும் மணம் கொடுத்த இலை, கடைசியில் தட்டின் ஓரத்திற்குப் போய்விடுகிறது அல்லவா? ஆனால், நம் அடுக்குமாடி வீடுகளில் இலை மட்டும் எறியப்படுவதில்லை; செடியும் எறியப்படுகிறது. குப்பை சேகரிக்கும் இடத்தின் அருகே, காய்ந்துபோன கறிவேப்பிலைச் செடி தொட்டியோடு கிடப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எறிந்தவர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "எனக்குக் கைராசி இல்லை."

இந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. செடி வளர்வது கையின் ராசியால் அன்று; கண்ணின் கவனத்தால். வாடுகின்ற செடி, தான் ஏன் வாடுகிறது என்பதை இலையிலும் தண்டிலும் வேரிலும் காட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அதைப் படிக்க நாம்தான் கற்றுக்கொள்ளவில்லை. ஆகவே, இடமும் வெயிலும் உள்ள ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கறிவேப்பிலைச் செடியாவது வளர வேண்டும். அது நோயுற்றால், எறிவதற்கு முன் காரணத்தைத் தேட வேண்டும் என்பதே என் கருத்து.

இதைக் கேட்டவுடன் சிலர் சிரிக்கலாம். "தேக்கா சந்தையிலும் பஃபலோ சாலைக் கடைகளிலும் கறிவேப்பிலை கட்டுக் கட்டாகக் கிடைக்கிறதே! எளிதாக வாங்கக்கூடிய ஒன்றை வளர்ப்பதற்கு ஏன் இவ்வளவு பாடு?" என்று அவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். செடி வளர்த்தால் வீட்டுச் செலவு பெரிதாகக் குறைந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும், வாங்கிய கட்டில் இரண்டு மூன்று கொத்துகளைத் தாளிக்கப் பயன்படுத்திவிட்டு, மீதியைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, அது கறுத்தபின் குப்பையில் போடுவது எத்தனை வீடுகளில் நடக்கிறது? செடி இருந்தால் வேண்டியபோது வேண்டிய அளவு மட்டும் பறிக்கலாம். அப்போதுதான் பறித்த இலை எண்ணெயில் விழும்போது எழும் மணத்திற்கு, பெட்டியில் பல நாள் கிடந்த இலையின் மணம் ஈடாகாது. ஆனாலும், செடி வளர்ப்பதன் பெரிய பயன் இலை அன்று. அந்தப் பயன் எது என்பதைச் சொல்வதற்கு முன், அந்தச் செடியைப் பற்றிச் சற்று அறிந்துகொள்வோம்.

கறிவேப்பிலை ஆண்டு முழுவதும் பசுமையாக இருக்கும் செடி. இடம் கிடைத்தால் சிறு மரமாகவே வளரும். தொட்டியில் வைத்துக் கிள்ளிவந்தால் இடுப்பளவு உயரத்தில் அடர்ந்து நிற்கும். அதன் பெயரில் வேப்பிலை இருந்தாலும் அது வேம்பின் உறவு அன்று. இலையின் தோற்றம் மட்டுமே வேப்பிலையை ஒத்திருக்கிறது. அது எலுமிச்சை, ஆரஞ்சு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. முர்ராயா கொனிகி என்னும் அதன் அறிவியல் பெயரிலும் தமிழ்நாட்டோடு தொடர்புடைய ஒரு செய்தி இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் தரங்கம்பாடியில் பணியாற்றிய ஜோஹன் கெர்ஹார்ட் கோனிக் என்னும் தாவரவியலாளரின் பெயரையே அது தாங்கி நிற்கிறது. வெப்பத்தை விரும்பும் செடி என்பதால், குளிர்காலம் இல்லாத சிங்கப்பூர் அதற்கு ஏற்ற இடம். அப்படியிருந்தும் அது நம் வாசலில் ஏன் வாடுகிறது?

என் அனுபவத்தையே சொல்கிறேன். நான் வளர்த்த முதல் செடி மூன்றே மாதத்தில் பட்டுப்போனது. அதன்மீது எனக்கு அக்கறை இல்லாமல் இல்லை. அளவுக்கு மீறிய அக்கறைதான் இருந்தது. காலையிலும் மாலையிலும் தவறாமல் தண்ணீர் ஊற்றினேன். தொட்டியின் அடியில் இருந்த தட்டில் எப்போதும் நீர் நின்றது. இலைகள் மஞ்சளாகித் தொங்கியபோது, "பாவம், தாகம் போலும்" என்று எண்ணி இன்னும் அதிகமாக ஊற்றினேன். இலைகள் எல்லாம் உதிர்ந்தபின் செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர்கள் கறுத்து, குழைந்து, நாற்றமடித்தன. தாகத்தால் வாடும் செடியும் நீரில் மூழ்கி வாடும் செடியும் மேலே பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். மண்ணைத் தொட்டுப் பார்த்திருந்தால் வேறுபாடு தெரிந்திருக்கும். நான் தொட்டுப் பார்க்கவில்லை.

வேருக்குத் தண்ணீர் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். மண்ணில் உள்ள சிறு இடைவெளிகளில் நீர் நிரந்தரமாகத் தேங்கிவிட்டால், வேர் மூச்சுவிட முடியாமல் அழுகத் தொடங்கும். ஆகவே, கடிகாரத்தைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றக்கூடாது. மண்ணைப் பார்த்து ஊற்ற வேண்டும். ஆள்காட்டி விரலை இரண்டு கணு அளவு மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் விட்டுவிடுங்கள். காய்ந்திருந்தால், அடித் துளை வழியே நீர் வடியும்வரை ஊற்றுங்கள். வடிந்த நீரைத் தட்டிலிருந்து கொட்டிவிடுங்கள். வெறும் களிமண்ணில் நடாமல், மக்கிய உரத்தையும் தென்னை நார்க்கழிவு அல்லது மணலையும் கலந்து நட்டால் நீர் எளிதாக வடியும். துளை இல்லாத அழகிய பீங்கான் தொட்டி செடிக்கு வீடு அன்று. அது ஒரு குளம்.

அடுத்தது வெயில். சிங்கப்பூரில் வெயிலுக்குப் பஞ்சமா என்று நீங்கள் கேட்கலாம். நாட்டில் வெயில் உண்டு. நம் நடைபாதையில் இருக்கிறதா என்பதே கேள்வி. மேல்மாடியின் தளமும் எதிர்ப் புளோக்கும் பல வாசல்களை நிழலில் வைத்திருக்கின்றன. கறிவேப்பிலைக்கு ஒரு நாளில் நான்கைந்து மணி நேரமாவது நேரடி வெயில் கிடைத்தால் நல்லது. நிழலில் நிற்கும் செடி ஒளியைத் தேடி ஒரு பக்கமாகச் சாயும். தண்டு மெலிந்து நீளும். இலைகளுக்கு இடையே இடைவெளி கூடும். அத்தகைய செடிக்கு உரம் போட்டுப் பயனில்லை. அதை வெயில் படும் இடத்திற்கு நகர்த்துவதே மருந்து. வாரம் ஒருமுறை தொட்டியைச் சற்றுத் திருப்பிவைத்தால் செடி நேராக வளரும்.

இலை மஞ்சளாவதை எடுத்துக்கொள்வோம். "மஞ்சள் இலை என்றால் உரம் போட வேண்டும்" என்று பலர் முடிவு செய்துவிடுகிறார்கள். எந்த இலை மஞ்சளாகிறது என்று அவர்கள் பார்ப்பதில்லை. கீழே உள்ள முதிர்ந்த இலைகள் முழுவதும் வெளுத்து மஞ்சளானால், நைட்ரஜன் சத்து குறைந்திருக்கலாம். அந்தச் சத்து போதாதபோது, செடி அதைப் பழைய இலைகளிலிருந்து எடுத்துப் புதிய துளிர்களுக்கு அனுப்பிவிடுகிறது. மாறாக, நுனியில் உள்ள இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சையாகத் தெரிந்தால், இரும்புச் சத்து குறைவாக இருக்கலாம். இரும்பைப் பழைய இலையிலிருந்து புதிய இலைக்கு அவ்வளவு எளிதாக மாற்ற செடியால் முடியாது. மண் ஈரமாகவே இருக்க, எல்லா இலைகளும் சோர்ந்து மஞ்சளானால், உரத்தை மறந்துவிட்டு வேரைப் பாருங்கள். நிறம் ஒன்றுதான்; காரணம் மூன்று.

புளித்த மோர் ஊற்றினால் கறிவேப்பிலை தழைக்கும் என்பது நம் பாட்டிமார்களின் நம்பிக்கை. தோட்டமுள்ள வீடுகளில் இன்றும் இந்த வழக்கம் உண்டு. நான் இதைக் கேலி செய்யமாட்டேன். நன்றாக நீர் கலந்து, மாதத்தில் ஓரிரு முறை சிறிதளவு ஊற்றுவதில் தவறில்லை. ஆனால், கெட்டி மோரைத் தொட்டியில் கொட்டினால் ஈயும் எறும்பும் வரும். நாற்றம் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டும். மேலும், வேர் அழுகும் செடிக்கும் வெயில் இல்லாத செடிக்கும் மோர் மருந்தாகாது. நோய் என்னவென்று தெரியாமல் கொடுக்கும் மருந்து, பாட்டி சொன்னதாக இருந்தாலும் கடையில் வாங்கியதாக இருந்தாலும், ஒன்றுதான்.

பூச்சிகளும் தமக்கே உரிய அடையாளங்களை விட்டுச் செல்கின்றன. தண்டில் எறும்புகள் வரிசையாக ஏறி இறங்கினால், உடனே இலைகளின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பஞ்சு ஒட்டியது போன்ற மாவுப்பூச்சிகளோ, பழுப்பு நிறப் புள்ளிகள் போன்ற செதில் பூச்சிகளோ அங்கே இருக்கலாம். அவை செடியின் சாற்றை உறிஞ்சி, இனிப்பான கழிவை வெளியேற்றுகின்றன. எறும்புகள் வருவது அந்த இனிப்புக்காக. அதன்மேல் கரும்பூசணம் படர்ந்து, இலையில் கரி பூசியது போல் ஆகிவிடுகிறது. பலர் கரியைத் துடைத்துவிட்டுப் பூச்சியை விட்டுவிடுகிறார்கள். கரி மீண்டும் வருகிறது. நனைத்த துணியால் பூச்சிகளைத் துடைத்தெடுப்பதும், மிதமான சோப்பு நீரையோ நீரில் கலந்த வேப்பெண்ணெயையோ மாலை நேரத்தில் இலையின் இருபுறமும் தெளிப்பதும் நல்ல வழிகள். உண்ணும் இலை என்பதால், கடுமையான நச்சு மருந்துகளைத் தவிர்ப்பது நல்லது. எதைத் தெளித்திருந்தாலும், பறித்த இலையை நன்கு கழுவ வேண்டும்.

ஒருநாள் காலையில், இலைமேல் பறவையின் எச்சம் போன்ற ஒன்று இருப்பதைக் காண்பீர்கள். கூர்ந்து பார்த்தால் அது நகரும்! எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு அது. எலுமிச்சைக் குடும்பச் செடிகளின் இலைகளே அதன் உணவு. பறவைகளிடமிருந்து தப்ப அது எச்சத்தின் வேடம் போடுகிறது. வளர்ந்தபின் பச்சை நிறத்துக்கு மாறி இலையோடு இலையாகிவிடுகிறது. சிறிய செடியாக இருந்தால், நான்கைந்து புழுக்கள் சில நாள்களில் அதை மொட்டையாக்கிவிடும். புழுக்களைக் கொல்வதா, விடுவதா? என்னைக் கேட்டால், செடி சிறியதாக இருக்கும்போது புழுக்களை அகற்றத்தான் வேண்டும். செடி நன்கு தழைத்தபின், ஒரு கிளையை அவற்றுக்கு விட்டுக்கொடுக்கலாம். இரண்டு கொத்து இலைகளைக் கொடுத்து ஒரு வண்ணத்துப்பூச்சியைப் பெறுவது நட்டமான வியாபாரம் அன்று.

இன்னொரு தவறும் நம்மிடம் உண்டு. பறித்தால் செடி மெலிந்துவிடும் என்று அஞ்சி, பலர் ஒற்றை இலைகளாகக் கிள்ளுகிறார்கள். உண்மை வேறு. நுனியோடு சேர்த்து ஒரு கிளையை வெட்டினால், வெட்டிய இடத்துக்குக் கீழிருந்து புதிய கிளைகள் பிரியும், செடி அடர்த்தியாகும். தொடாமலே விட்டால், ஒற்றைக் குச்சியாக உயர்ந்துகொண்டே போகும். வெள்ளைப் பூங்கொத்து வந்ததும் அதைக் கிள்ளிவிட்டால், செடியின் சக்தி இலைக்குத் திரும்பும். பூவை விட்டுவைத்துப் பழம் வந்தால், அதன் விதையை உண்ணாதீர்கள். புது விதையை உடனே நட்டால் முளைக்கும். காயவைத்துச் சேமித்தால் விரைவில் முளைக்கும் ஆற்றலை இழந்துவிடும்.

இவ்வளவும் செய்தால் எல்லாச் செடியும் பிழைத்துவிடுமா? இல்லை. இதற்கு நம் நாட்டின் வரலாற்றிலேயே சான்று உண்டு. 1822இல் ராஃபிள்ஸ், இன்று ஃபோர்ட் கேனிங் என்று அழைக்கப்படும் குன்றில் ஒரு சோதனைத் தாவரத் தோட்டத்தை அமைத்தார். சாதிக்காயும் கிராம்பும் அங்கே நடப்பட்டன. பின்னர், ஆர்ச்சர்ட் சாலைப் பகுதியில் சாதிக்காய்த் தோட்டங்கள் பெருகின. 1850களில் பரவிய நோயால் அந்த மரங்கள் பட்டுப்போயின, தோட்டங்கள் கைவிடப்பட்டன. பணமும் ஆள்பலமும் இருந்தவர்களாலேயே காப்பாற்ற முடியாத பசுமை அது. ஆகவே, ஒரு செடி செத்துப்போவது வெட்கப்பட வேண்டிய செய்தி அன்று. அது ஏன் செத்தது என்று கேட்காமல் அதே இடத்தில், அதே மண்ணில், அதே முறையில் அடுத்த செடியை வைப்பதுதான் வருந்தத்தக்கது. என் முதல் செடியின் அழுகிய வேர்தான் இரண்டாவது செடியைக் காப்பாற்றியது.

செடி வளர்ப்பதை எதிர்ப்பவர்கள் சொல்லும் மிக வலுவான காரணம் வேறொன்று. நடைபாதை நமக்கு மட்டும் சொந்தமன்று என்கிறார்கள். அவர்கள் சொல்வது சரி. தீ விபத்து நேர்ந்தால், அந்த வழியாகத்தான் மக்கள் தப்பி ஓட வேண்டும்; தீயணைப்பாளர்களும் மருத்துவ உதவியாளர்களும் வர வேண்டும். அதனால்தான் நடைபாதையில் குறைந்தது 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும் என்பது விதி. சக்கர நாற்காலியில் செல்லும் முதியவருக்கு அது விதி மட்டுமன்று, அவருடைய பாதை. அதுபோலவே, தடுப்புச் சுவரின் மேல் தொட்டியை வைப்பது கீழே நடப்பவரின் உயிரோடு விளையாடுவதாகும்.

கொசுவும் அப்படித்தான். 2020ஆம் ஆண்டில் மட்டும் சிங்கப்பூரில் 35,000க்கும் மேற்பட்டோர் டெங்கிக் காய்ச்சலால் பாதிக்கப்பட்டனர். 20 காசு நாணயத்தின் அளவு தேங்கிய நீர் இருந்தாலே ஏடிஸ் கொசு முட்டையிட்டுப் பெருகும். முட்டை கொசுவாக மாற ஏறக்குறைய ஒரு வாரம் போதும். எனவே, தொட்டித் தட்டு நீரைக் கொட்டுங்கள், இறுகிய மண்ணைக் கிளறிவிடுங்கள் என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் நமக்கு இடைவிடாமல் நினைவூட்டுகிறது.

இங்கேதான் எனக்கு ஒரு செய்தி வியப்பாக இருக்கிறது. தட்டில் தேங்கும் நீர் அண்டை வீட்டுக் குழந்தைக்கு ஆபத்து. அதே நீர்தான் என் செடியின் வேரையும் அழுகவைக்கிறது. இறுகிய மண்ணின்மேல் நிற்கும் நீரில் கொசு வளரும். அந்த மண்ணைக் கிளறினால் கொசுவுக்கு இடமில்லை, வேருக்குக் காற்றும் கிடைக்கிறது. கிளைகளைக் கத்தரித்தால் நடைபாதை விரிகிறது, செடியும் அடர்கிறது. செடிக்கு நல்லது எதுவோ, அதுவே அக்கம்பக்கத்தாருக்கும் நல்லதாக அமைகிறது. நடைபாதையை அடைத்து, கொசுவை வளர்க்கும் செடி, பெரும்பாலும் நலமாக வளரும் செடியாகவும் இருப்பதில்லை.

என் இரண்டாவது செடி தழைத்தபோது, பக்கத்து வீட்டு மலாய் மாது ஒருநாள் தயங்கித் தயங்கி என் கதவைத் தட்டினார். செடியைப் பற்றிப் புகார் சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன். "கொஞ்சம் டாவுன் காரி எடுத்துக்கொள்ளலாமா? மீன் கறி சமைக்கிறேன்" என்றார். மலாய் மொழியிலும் அது கறிக்கான இலைதான்! நான் ஊரில் இல்லாத நாள்களில் என் செடிக்கு இப்போது அவர்தான் தண்ணீர் ஊற்றுகிறார். முதலில் மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றுகிறார். அவருடைய பாண்டான் செடிக்கு நானும் அப்படியே செய்கிறேன். சந்தையில் வாங்கிய கட்டு எனக்கு இந்த உறவைக் கொடுத்திருக்காது.

வாசலில் வெயில் இல்லை, இடமும் இல்லை என்பவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. தேசியப் பூங்காக் கழகம் 2005இல் தொடங்கிய திட்டத்தின்கீழ், இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட சமூகத் தோட்டங்கள் தீவு முழுவதும் உள்ளன. உங்கள் வட்டாரத்திலும் ஒன்று இருக்கக்கூடும். 2016 முதல், பூங்காக்களில் 2.5 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் கொண்ட தோட்டப் பாத்திகளையும் கழகம் வாடகைக்கு விடுகிறது. அங்கே அனுபவமுள்ள ஒருவரின் அருகில் நின்று பார்ப்பதே சிறந்த பாடம்.

தொடக்கத்தில், செடி வளர்ப்பதன் பெரிய பயன் இலை அன்று என்றேன். அந்தப் பயன், அவசரப்பட்டு முடிவு கட்டாமல் கவனிக்கும் பழக்கம். மஞ்சள் இலையைக் கண்டதும் உரத்தைத் தேடாமல் "எந்த இலை? மண் ஈரமா? வெயில் உண்டா?" என்று கேட்கப் பழகியவர், மதிப்பெண் குறைந்த தம்பியைப் பார்த்தவுடன் "சோம்பேறி" என்று சொல்லமாட்டார், வகுப்பில் திடீரென்று பேச்சைக் குறைத்துக்கொண்ட நண்பனை "திமிர் பிடித்தவன்" என்று ஒதுக்கமாட்டார். காரணம் வேரில் இருக்கலாம் என்பது அவருக்குத் தெரியும்.

இந்த வார இறுதியில் ஒரு சிறிய கறிவேப்பிலைச் செடியை வாங்கி வாருங்கள். அது வாடினால் உங்கள் கையைக் குறை சொல்லாதீர்கள். விரலை மண்ணில் வைத்துப் பாருங்கள். இலையைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்குவது உங்கள் விருப்பம். செடியை மட்டும், காரணம் கேட்காமல் எறிந்துவிடாதீர்கள்.